கொழும்பில் கம்பி பார்த்த நாட்கள்

வியாழன், வெள்ளவத்தை

ஊர் சுற்றப் போகிறவர்கள் கோவில், கடல், சாப்பாடு என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எனக்கு மின்கோபுரம். பல்லடம் பக்கத்துக்காரன் என்று சொன்னால் புரிந்துகொள்வீர்கள். 2018 கடைசியில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராகக் காத்திருப்புப் போராட்டம் நடத்தியபோது நானும் பந்தலில் படுத்திருக்கிறேன். வீட்டில் ஓடுவது விசைத்தறி. கரண்ட் இல்லை என்றால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது. அந்தச் சங்கடத்தோடுதான் பந்தலுக்குப் போனேன். இப்போதும் எந்த ஊருக்குப் போனாலும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை.

கொழும்பில் தங்கியிருப்பது அக்கா வீட்டில். கூடப்பிறந்தவர் இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோவையில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். அப்புறம் திரும்பிப் போய், கல்யாணம் ஆகி, வெள்ளவத்தையில், காலி என்ற ஊருக்குப் போகிற காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். "வா தம்பி, முதல்ல சாப்பிடு, பிறகு கதைப்பம்" என்று இடியப்பமும் சொதியும் வைத்தார். மாடியிலிருந்து பார்த்தால் தண்டவாளம், அதை ஒட்டிக் கருங்கல், அதற்கப்பால் கடல். மறைப்பே இல்லை.

சாயங்காலம் காலி வீதியில் நடந்தேன். தெருக் கம்பங்களில் கரண்ட், டெலிபோன், கேபிள் டிவி எல்லாம் பின்னிப் பிணைந்து தொங்குகின்றன, நம்மூர் போலத்தான். ஆனால் பெரிய கோபுரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இத்தனை மாடிக் கட்டடங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கரண்ட் எப்படி வருகிறது? அக்காவின் கணவரைக் கேட்டேன். அத்தான் மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இதைக் கேட்க ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார்.

"நீர் அதுக்கு மேலதான் நடந்து வந்தனீர்" என்றார்.

கொழும்பு நகருக்குள் 132 கிலோவோல்ட் கேபிள்கள் நிலத்துக்கு அடியில் ஓடுகின்றன. கொழும்பு ஏ, கொழும்பு ஈ, கொழும்பு எஃப் என்று எழுத்தால் பெயர் வைத்த துணைமின் நிலையங்களை அவை இணைக்கின்றன. கோட்டை, கொள்ளுப்பிட்டி, ஹவ்லொக் டவுன் என்று நகரின் விலை உயர்ந்த நிலங்களுக்குக் கீழே. அங்கே கோபுரக் கம்பிக்காக 27 மீட்டர் அகலத்துக்கு மரமும் வீடும் இல்லாத ஒரு பாதையை யார் விடுவார்கள்? அதனால் புதைத்தார்கள். இதற்காக யாரும் பந்தல் போடவில்லை.

எங்கள் ஊரில் "சாலை ஓரமாக் கேபிளாப் புதைச்சுக் கொண்டு போங்க" என்று கேட்டதற்கு வந்த பதில்: முடியாது, செலவு அதிகம், தொழில்நுட்பம் ஒத்துவராது. ஆனால் எங்கள் வயல் வழியே வருகிற பாதை முடிகிற கரூர் மாவட்டத்துப் புகளூரிலிருந்து திருச்சூர் போகிற 320 கிலோவோல்ட் நேர்மின் (டிசி) பாதை கேரளத்தில் வடக்கஞ்சேரி தாண்டியதும் தரைக்கடியில் இறங்கிவிடுகிறது, சுமார் 27 கிலோமீட்டருக்கு. 2021இல் திறந்தார்கள். தமிழ்நாட்டு வயலில் கோபுரம், கேரளத்தில் கேபிள். பந்தலில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

அத்தான் இதை அப்படியே ஏற்கவில்லை. "அது டிசி. ஏசி கேபிள் வேற கதை" என்றார். ஏசி என்றால் மாறுமின், வீட்டுக்கு வருகிற வகை. நீளமான ஏசி கேபிளில் கடைசி முனையில் ஒரு பல்பு எரியாவிட்டாலும், கேபிளை மின்னேற்றவே ஒரு பங்கு கரண்ட் போய்க்கொண்டிருக்கும். பயணிகள் ஏறும் முன்பே பாதி நிறைந்து வருகிற பஸ் மாதிரி. நகருக்குள் சில கிலோமீட்டர் என்றால் சரி. தூரம் கூடக் கூட, இந்த மின்னேற்றத்தை ஈடுகட்ட நடுவில் ரியாக்டர் என்ற கருவி வைக்க வேண்டும், செலவும் ஏறும். மேலே போகிற கம்பியைக் காற்று இலவசமாகக் குளிர வைக்கிறது. புதைத்த கேபிளுக்கு அந்த வசதி இல்லை. பழுது வந்தால் எங்கே என்று கண்டுபிடித்துத் தோண்டிச் சரி செய்ய நாட்கள், சில நேரம் வாரங்கள்.

"அப்போ எங்க ஊர்க்காரங்க கேட்டது தப்பா, அத்தான்?"

"தப்பெண்டு சொல்லேல்ல. முடியாது எண்டு சொன்னதுதான் தப்பு. இவ்வளவு செலவாகும், ஆர் குடுக்கிறது எண்டு கதைச்சிருக்க வேணும்."

இஞ்சி பிளேன்டீ இரண்டாவது தடவை வந்தது. நாளைக்குக் கொலன்னாவைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளி, கொலன்னாவ

சுற்றுலாப் புத்தகங்களில் இந்த இடம் இருக்காது. எண்ணெய்த் தாங்கிகள், லாரிகள், குறுகலான வீதிகள். அதற்கு நடுவே பெரிய துணைமின் நிலையம். இலங்கையின் மின்வரலாறு மலையில் ஆரம்பித்து இங்கே வந்து இறங்குகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் லக்ஷபானப் பக்கத்து நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை வாசித்தார். நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆகிவிட்டது. அந்த மலை மின்சாரம் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கி வந்து சேர்ந்த இடம் இது.

நகரில் காணாத கோபுரங்கள் எல்லாம் இங்கே இருந்தன. பீங்கான் சரத்தில் தட்டுகளை எண்ணினால் எத்தனை வோல்ட் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பத்து அளவில் இருந்தால் 132, பதினைந்து அளவில் இருந்தால் 220. பந்தலில் ஒரு பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. எண்ணிக்கொண்டே போனால் சாலை முடிந்து சதுப்பு வந்தது. கோரைப்புல், அல்லி, பச்சை பிடித்த நீர். கோபுரத்தின் நாலு காலும் அதற்குள்தான். ஒரு காலில் கொடி பாதி உயரம் ஏறியிருந்தது. இன்னொன்றின் குறுக்குச் சட்டத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

கொழும்புக்கு 2018இல் ராம்சார் அமைப்பின் ஈரநில நகர அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதல் தடவையாக அதைப் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. வெள்ளத்தை உறிஞ்சுவது, வெக்கையைக் குறைப்பது எல்லாம் இந்தச் சேறுதான். ஆனால் நகரம் தனக்கு வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து போட்டதும் இங்கேதான். பக்கத்தில் மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்த இடம். அந்தப் பகுதி மக்கள் அதற்கு முன் பல வருஷம் அந்தக் குப்பைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்கள்.

அத்தான் அந்தப் பக்கம் பார்த்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: கோபுரம் எங்கே நிற்கும் என்பதைத் தூரமும் செலவும் மட்டும் தீர்மானிப்பதில்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத நிலத்தைத் தேடித்தான் கோடு போகிறது. சேற்றுக்குப் பத்திரம் இல்லை, தென்னைமரக் கணக்கு இல்லை, நஷ்டஈடு இல்லை. வரைபடத்தில் அதைவிட மலிவான இடம் கிடையாது.

மதியம் மழை. கொத்து ரொட்டி. தூக்கம்.

சனி, முத்துராஜவெல

இன்றைக்குத்தான் நான் வந்த வேலை. வத்தளையில் இருக்கிற ஓட்டோ அண்ணன் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டார். பூர்வீகம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தமிழ் கேட்க நம்மூர் போலவே இருக்கும். வத்தளை, ஹேகித்த, ஹெந்தலைப் பக்கம் நிறையத் தமிழர்கள்.

கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் கடலோரமாகக் கிடக்கிற பெரும் சதுப்பு முத்துராஜவெல. வடக்கே நீர்கொழும்புக் களப்பு என்ற காயலோடு சேர்கிறது. ஒரு பகுதியை 1996இல் சரணாலயமாக அறிவித்தார்கள். போப்பிட்டியவில் படகு ஏறினோம். ஹமில்டன் கால்வாய் வழியே போகிறது. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெட்டியது. கரையில் சிறு வீடுகள், மாதா சொரூபம் வைத்த கண்ணாடிப் பெட்டிகள், துணி துவைக்கிற கல். படகுக்காரருக்குச் சிங்களம், அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினார்.

கண்டல் மரங்களுக்குள் நுழைந்ததும் மோட்டாரை நிறுத்தினார். கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு ஒன்று ஆள் நீளத்துக்குக் கரையில் கிடந்தது, எங்களைப் பொருட்படுத்தவில்லை. நீலத் தாழைக்கோழிகள் நீண்ட விரலால் இலை மேல் நடந்தன. மீன்கொத்தி, கொக்கு, மஞ்சள் மூக்கு நாரை. வெளிச்சம் சாய்வாக விழுந்து நீர் முழுக்கத் தகடாக இருந்தது. காட்சி என்றால் இது காட்சி. அப்புறம் தெற்கே திரும்பிப் பார்த்தால் கோபுர வரிசையும் கெரவலப்பிட்டிய மின்நிலையத்தின் புகைபோக்கிகளும்.

அந்த நிலையம் 300 மெகாவாட். அங்கிருந்து 220 கிலோவோல்ட் பாதை கொட்டுகொடை நோக்கிப் போகிறது. 2020 ஆகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டிய துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுக்க இருண்டது. (2025 பிப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு அதே வேலையைச் செய்தது. மந்திரி சொன்னபோது யாரும் நம்பவில்லை, எனக்கு நம்பிக்கை உண்டு. எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு அணில் போதும்.) 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதியும் இந்தச் சதுப்பின் மேலேதான் ஓடுகிறது. விமானத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் அதில் வந்துதான் கொழும்பு என்ன பச்சை என்று வியக்கிறார்கள். ஒன்று வந்தால் அடுத்தது வருவது எளிது: ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே என்று சொல்லிவிடலாம். நிலம் நிரப்புவதற்கு எதிராக இங்கே மீனவர்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களின் பங்குச் சபைகளும் பேசிவந்தார்கள். 2021இல் கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித்தும் வெளிப்படையாக எதிர்த்தார். மாதா கோவில் மணி அடிக்கிற ஊரில் இதற்கு எடை அதிகம்.

பறவைக்குக் கம்பி என்ன செய்யும் என்று படகுக்காரரைக் கேட்டேன். நாரை விழுந்து கிடக்கப் பார்த்திருக்கிறாராம். மின்சாரம் தாக்கி அல்ல. கோபுரத்தின் உச்சியில் இடி தாங்குவதற்காக ஒரு மெல்லிய கம்பி போகும். கீழே போகிற தடித்த கம்பியைக் கடைசி நிமிஷத்தில் பார்த்து மேலே எழும்புகிற பறவை அந்த மெல்லியதில் மோதும். பெரிய பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில், நேர் முன்னே தெரிவது குறைவு. நினைத்த வேகத்தில் திரும்பவும் உடம்பு விடாது. ராஜஸ்தானின் கானமயிலுக்கும் இதுதான் கதை. அதற்காகக் கம்பிகளைப் புதைக்கச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோக வழி வேண்டும் என்ற வாதத்தின் மேல் 2024இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழு போட்டது. மெல்லிய கம்பியில் தட்டோ சுருளோ மாட்டினால் மோதல் குறையும். நான் பார்த்த தூரம் வரை இங்கே எதுவும் மாட்டவில்லை.

சரி, இங்கே புதைக்கலாமா? பந்தலில் என்றால் நான் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பேன். படகுக்காரர் துடுப்பை எடுத்து நீருக்குள் குத்தினார். தரை தட்டும் என்று பார்த்தேன், அது இறங்கிக்கொண்டே போனது. இழுத்தபோது முனையில் கறுப்பாக, நார் நாராக ஒரு பிண்டம். மக்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்த கரிச்சேறு. அழுகல் வாடை. இதில் வாய்க்கால் வெட்டி, நீரை இறைத்து, கேபிள் பதித்து, பழுதானால் மறுபடி வெட்டுவது என்றால் கோபுரமே மேல். கொங்கு நாட்டுச் செம்மண்ணுக்குச் சரியான கோரிக்கை இங்கே சதுப்பைக் கொன்றுவிடும். இங்கே கேட்க வேண்டியது வேறு: ஏன் இந்த வழி? அதை முளைக்குச்சி அடிக்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போது ஓட்டோ அண்ணன், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தைப் பற்றிச் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல லயத்துக்கு மேலதாங்க லைன் போச்சு. கொழும்புக்குக் கரண்ட். லயத்துக்குள்ள குப்பி லாம்பு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 240ஆம் பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனதில் அவர் திட்டியதை எழுத முடியாது.

ஞாயிறு, தலங்கம

அக்காவின் தங்கை லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். நான் அவரைச் சின்னக்கா என்கிறேன். எல்லோருமாகத் தலங்கம குளத்துக்குப் போனோம். வயல், எருமை, குளக்கரையில் சைக்கிள் ஓட்டுகிற குடும்பங்கள், செந்நாரை. 2007இலிருந்து சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம். சில வருஷங்களுக்கு முன் இந்த நீருக்கு மேலே தூண் நிறுத்தி உயர்மட்ட அதிவேக வீதி கொண்டுபோகத் திட்டம் வந்தது. குடியிருப்பாளர்கள் விடவில்லை. வரைபடம் வாங்கினார்கள், மாற்று வழி காட்டினார்கள், நீதிமன்றம் போனார்கள். இன்றைக்கு நான் நின்ற இடத்தில் தூண் இல்லை.

சின்னக்கா சொன்னது புதிது. இங்கிலாந்தில் டோர்செட் என்ற மாவட்டத்தில் மலைச்சரிவின் அழகைக் கெடுக்கிறது என்று 22 கோபுரங்களைப் பிடுங்கி எடுத்து, கம்பியைப் புதைத்துவிட்டார்களாம், 2022இல். காட்சிக்காக! எனக்குப் பொறாமைதான் வந்தது. வயலுக்காகக் கேட்டவர்கள் மேல் வழக்குப் போட்ட நாட்டிலிருந்து வந்தவன். ஆனால் அந்தச் செலவு அங்கே எல்லோருடைய கரண்ட் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்று அவரே சொன்னார். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டில் இருந்த இந்த ஊரில், அதற்குப் பிறகு பில் ஏறிய வேகத்தில், அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது.

தலங்கமவில் வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அத்தானுக்குக் கோபம். "அதுக்காண்டி அவை கேட்டது பிழையோ?" இல்லை. கொலன்னாவையிலும் அதே வரைபடம் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கள், செட்டியார் தெரு

நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோவிலைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கருவாடு வாங்க ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் மன்னார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மன்னார் தீவில் தம்பபவனி காற்றாலை, 30 கோபுரம், 103.5 மெகாவாட். அடுத்து வரவிருந்த பெரிய திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு காற்றாலைகள் வந்தபோது 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள், குருமார் முன்னால் நின்றார்கள். கொழும்பில் பேச்சுக்குப் பிறகு ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்திவைத்தார். பூநாரைகள் வந்து இறங்குகிற கரை அது. அதைவிட, மழைநீர் வடிகிற வழி அடைபடுகிறது என்பதுதான் இவருடைய கவலை. வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றதாம்.

"காத்து வேணாம் எண்டு நாங்க சொல்லேல்லண்ணே. தீவுக்குள்ள வேணாம் எண்டுதான் சொல்றம். பெருநிலத்துல வையுங்க. ஆனா கதைக்கிறதெல்லாம் கொழும்பிலதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பஸ் ஏறி வரோணும், அண்டைக்கு உழைப்பு இல்ல."

பிறகு நேராகக் கேட்டார்: "உங்கட ஊர்ல வென்றீங்களா?"

இல்லை என்றேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற 800 கிலோவோல்ட் பாதை முடிந்து கரண்ட் போகிறது. கோபுரங்கள் வயலில் நிற்கின்றன. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்கம்பிக்கும் கொடுத்திருப்பதால், நிலத்தை வாங்காமலே உள்ளே வரலாம். ஆனால் கூச்சல் வீண் போகவில்லை. 2015இல் கோபுரக் கால் நிற்கிற நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற பாதைக்கு அதிகபட்சம் 15 என்றிருந்த மத்திய வழிகாட்டுதல், 2024இல் காலுக்கு 200, பாதைக்கு 30 என்று மாறியது. நாடு முழுக்கப் பல இடத்தில் விவசாயிகள் மறித்ததன் பலன் அது.

"இருநூறு வீதமா?" என்றார். பில் புத்தகத்தைப் புரட்டி, கார்பன் தாளுக்குப் பின்பக்கம் எழுதினார்: 200, 30. வருஷத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். "காத்தாடிக்கும் இது பொருந்துமா, கம்பிக்கு மட்டுமா?"

கம்பிக்கு மட்டும் என்றேன். அதையும் எழுதினார். அதற்குள் இரண்டு பேர் நெத்தலி கேட்டு வந்துவிட்டார்கள். எனக்குக் கட்டா கருவாடு அரைக் கிலோ நிறுத்து, விமானத்தில் மணக்காமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிக் கொடுத்தார்.